மணிக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

“நாய் நன்றியுள்ள பிராணி” என்று தொடங்கி அரைப் பக்கம் கட்டுரை எழுதாமல் தமிழ்நாட்டுப் பள்ளியை விட்டு வெளியே வந்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. அந்தக் கட்டுரையில் நாய் வீட்டைக் காக்கும். திருடனைக் கண்டால் குரைக்கும். எசமானிடம் வாலை ஆட்டும். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். நாய்க்கு நோய் வந்தால் என்ன செய்வது, அதற்கு ஆகும் செலவை எங்கிருந்து எடுப்பது என்பதை எந்த ஆசிரியரும் வினாவாகக் கேட்டதில்லை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அந்த வினா எனக்கும் என் அக்காவுக்கும் வந்து சேர்ந்தது. மன்றத்து நண்பர்கள் சிலர் அப்போது உதவினார்கள். சிலர் “அப்படி என்ன நோய்? அப்படி என்ன செலவு?” என்று இன்றும் கேட்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவுக்கு நான்கு வயதில் வந்த மூளைக் காய்ச்சலால் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் போய்விட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதுகளிலும் 70 டெசிபெல் அளவுக்குக் கேட்புத்திறன் இழந்தவரைச் செவிடர் என்று வரையறுக்கிறது; அக்கா அந்த அளவையும் தாண்டியவள். வங்கி வேலை கிடைத்துச் சண்டிகருக்கு வந்தாள். பதினைந்தாம் செக்டாரில் ஒரு மாடி வீடு எடுத்தாள். தெருவில் கிடந்த ஒரு மண்ணிற நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தாள். சாத்தூர்ப் பக்கத்தில் பாதி நாய்களுக்கு வைக்கும் பெயரையே அதற்கும் வைத்தாள். பின்னாளில் அந்தப் பெயர் இவ்வளவு பொருந்தும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

வாசலில் அழைப்பு மணி அடித்தால் மணி ஓடி வந்து அக்காவின் முழங்காலை மூக்கால் இடிக்கும். பிறகு கதவை நோக்கி நடக்கும். குக்கர் விசில் அடித்தால் இடித்துவிட்டு அடுப்படிக்குப் போகும். அது விசிலை எண்ணாது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு முறை இடிக்கும், எண்ணுவது அக்காவின் வேலை. பால்காரர், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் ஓசை, இரவில் யாராவது கதவைத் தட்டுவது எல்லாம் இப்படித்தான் அவளுக்குத் தெரியவரும். வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் பழக்கினாள். பயிற்சியாளர் எவரும் இல்லை.

இத்தகைய நாய்களை மேலை நாடுகளில் முறையாகப் பழக்குகிறார்கள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய பள்ளி 1929-இல் வந்தது. காது கேளாதோருக்கென நாய்களைப் பழக்கும் அமைப்பு இங்கிலாந்தில் 1982-இல் ஏற்பட்டது. நம் நாட்டில் இவை மிகவும் அரிது. ஆகவே நம் வீட்டு மணிக்குச் சான்றிதழும் இல்லை, மார்பில் பட்டையும் இல்லை. வேலையை மட்டும் குறைவின்றிச் செய்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் குக்கர் நான்கு விசில் அடித்தும் மணி எழுந்திருக்கவில்லை. நான் அன்று வீட்டில் இருந்ததால் அடுப்பை அணைத்தேன். மறுநாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகி, படுத்திருந்த சாக்கு நனைந்திருந்தது. வெப்பமானி 104 பாரன்ஹீட்டுக்கு மேல் காட்டியது. இங்கே ஒன்று கூற வேண்டும்: நாயின் உடல் இயற்கையாகவே நம் உடலைவிடச் சூடானது. 101 முதல் 102½ வரை அதற்கு இயல்பு. தொட்டுப் பார்த்துக் “காய்ச்சல்” என்று சொல்லிவிட முடியாது, வெப்பமானி வேண்டும்.

அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் ஊசியும் சத்து மருந்தும் போட்டார்கள். இரத்தத்தைச் சோதிக்கவில்லை. மூக்கில் இரத்தம் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் மணியின் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தார். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் குண்டூசி முனை அளவு சிவந்த புள்ளிகள் இருப்பதைக் காட்டினார். “உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், லூதியானாவுக்குக் கொண்டு போங்கள்” என்றார்.

அது என்ன காய்ச்சல்? எர்லிக்கியா கேனிஸ் என்பது ஒரு நுண்ணுயிர். பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக்கின் நினைவாகப் பிற்பாடு இப்பெயர் பெற்றது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் உயிரணுக்களுக்கு வெளியே வாழும். இதுவோ வெள்ளணுக்களில் ஒரு வகைக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். நுண்ணுயிரைப் பிடித்து விழுங்க வேண்டிய காவலனின் வயிற்றுக்குள்ளேயே திருடன் வீடு கட்டிக்கொள்வதைப் போன்றது இது. அங்கே பல்கிக் கூட்டமாகத் திரளும்போது, நுண்ணோக்கியில் முசுக்கட்டைப் பழம் போலத் தெரியும். எம்.எஸ்ஸி. முதலாண்டில் ஒரே பத்தியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியில் மூக்கிலிருந்து ஒழுகும் இரத்தத்தின் வாடை இல்லை.

இதைப் பரப்புவது பழுப்பு நாயுண்ணி. இந்த உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி இரத்தம் குடிக்கும். மூன்று முறையும் கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஒளிந்திருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். இதில் வியப்பு என்னவென்றால், தாயுண்ணியிடமிருந்து முட்டைக்கு இந்நோய்க் கிருமி போவதில்லை. நோயுள்ள நாயின் இரத்தத்தைக் குடித்த குஞ்சுதான் வளர்ந்தபின் அடுத்த நாய்க்குக் கொண்டு போகும். கடித்துச் சில மணி நேரத்துக்குள் கிருமி இறங்கிவிடும். ஆகையால் நாள்தோறும் உண்ணி பொறுக்குபவர் வீட்டு நாய்க்கும் இந்நோய் வரலாம். அக்கா ஞாயிறுதோறும் மணியைக் குளிப்பாட்டிச் சீப்பால் வாரி எடுப்பவள். “தெருவில் பிறந்த நாய், குட்டியாக இருந்தபோதே கிருமி ஏறியிருக்கலாம், இந்த மழைக்காலத்திலும் ஏறியிருக்கலாம், அதைக் கண்டறிய வழியில்லை” என்றார் டாக்டர்.

ஏனெனில் இந்நோய் மூன்று கட்டமாக நடக்கும். கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், பசியின்மை, தட்டணுக் குறைவு ஆகியவை தோன்றும். இது முதற்கட்டம். சில நாய்கள் மருந்தின்றியே இதிலிருந்து மீண்டது போலத் தோன்றும். ஆனால் கிருமி மண்ணீரலில் பதுங்கியிருக்க, நாய் ஓடும், தின்னும், விளையாடும். இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். சில நாய்களுக்கு மூன்றாம் கட்டம் வரும். அதில் எலும்பு மஜ்ஜை வற்றிவிடும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் உற்பத்தியாகும் ஆலை அது. ஆலை மூடிவிட்டால் மருந்து கிருமியைக் கொன்றாலும் நாய் பிழைப்பது மிகக் கடினம்.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையுடன் பணிபுரிந்த நாய்கள் 1968 முதல் 1970 வரை நூற்றுக்கும் மேற்பட்டவை மூக்கில் இரத்தம் ஒழுகி மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். அந்த இனத்துக்கு இந்நோய் மிகக் கொடியதாக வருகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை நாய்களிடமும் இதே இரத்தக் கசிவு காணப்பட்டது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் இந்நோயை ஊன்றி ஆராய்ந்தார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்து பயன்படும் என்று நிலைநாட்டினார்கள். இன்று மணி விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் பெயர் தெரியாத அந்தப் பணிநாய்கள் நிற்கின்றன.

இனி லூதியானாவுக்கு வருவோம். அங்கே குரு அங்கத் தேவ் கால்நடை மருத்துவப் பல்கலைக் கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. சண்டிகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள்; வாடகைக் காரில் சென்றோம். இரத்தப் பரிசோதனை முடிவு இரண்டு மணி நேரத்தில் வந்தது. நாய்க்குத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும், மணிக்கு 18,000. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, மணிக்கு 15. வெள்ளணுவும் குறைவு. மூன்றும் குறைந்திருந்தால் பாடம் படித்தவனுக்கு என்ன தோன்றும்? மூன்றாம் கட்டம் என்றுதான் தோன்றும். அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். உதடு பார்த்துப் பேச்சை அறியும் பழக்கம் உள்ளவர்களிடம் எதையும் மறைக்க முடியாது.

டாக்டர் அவசரப்படவில்லை. சிவப்பணு இரண்டு காரணத்தால் குறையலாம் என்று விளக்கினார். ஒன்று, ஆலை மூடியிருக்கலாம். மற்றொன்று, ஆலை நன்றாக இருந்தும் ஒரு வார இரத்தப்போக்கில் சரக்கு வெளியே போயிருக்கலாம். முன்னதாயின் நம்பிக்கை குறைவு, பின்னதாயின் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்து அறிவது எப்படி? எலும்பைத் துளைத்து மஜ்ஜையை எடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பணமும் ஆகும், நாய்க்கு வேதனையும் உண்டு. இன்னொரு வழி காத்திருப்பது. இரத்தம் இழந்த உடலில் மஜ்ஜை உயிரோடு இருந்தால் நான்கைந்து நாளில் முதிராத இளஞ்சிவப்பணுக்களை அவசரமாக வெளியே அனுப்பும். தனிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அவை தெரியும். “அதுவரை நாயை உயிரோடு வைத்திருப்போம்” என்றார்.

உயிரோடு வைத்திருக்க இரத்தம் வேண்டும். நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டு. ஒரு டஜனுக்கும் மேல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் நமக்கும் நாய்க்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வகை மாறிய இரத்தத்தை நமக்கு முதல் முறை ஏற்றினாலே உயிருக்கு ஆபத்து. நாயின் உடலிலோ, வகைகளில் மிகவும் தொல்லை தருவதற்கு எதிரான பொருள் பிறவியில் இருப்பதில்லை. அதனால் முதல் முறை பெரும்பாலும் தீங்கின்றி ஏற்றிவிடலாம். இரண்டாம் முறைதான் பொருத்தம் பார்க்காமல் ஏற்றக் கூடாது. கிலோவுக்கு இரண்டு மில்லிலிட்டர் ஏற்றினால் சிவப்பணுப் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயரும் என்பது கணக்கு. மணியின் எடை 18 கிலோ. 350 மில்லிலிட்டர் வேண்டும்.

கொடுப்பதற்கு நாய்க்கு எங்கே போவது? மோகா பக்கத்து விவசாயி ஒருவர் தம் லாப்ரடார் நாயைக் காது வலிக்காகக் கொண்டு வந்திருந்தார். 32 கிலோ எடையுள்ள தடித்த நாய். டாக்டர் கேட்டதும் அவர், “எடுத்துக்கொள்ளுங்கள், இரத்தம் மறுபடி ஊறிவிடும்” என்று பஞ்சாபியில் சொல்லிவிட்டு நாயின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாயின் இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் இல்லையென்று முதலில் சோதித்தார்கள். இரத்தத்தின் வழியாகவும் இந்நோய் போகும். பணம் கொடுக்க நீட்டினோம், அவர் வாங்கவில்லை. அக்கா தன் கைப்பையிலிருந்த முறுக்கை அந்த லாப்ரடாருக்குக் கொடுத்தாள். அதுவும் கடித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது.

அன்றிரவு நானும் அக்காவும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். நோய்வாய்ப்பட்ட விலங்கு வீட்டில் இருக்கும்போது இது செய்ய வேண்டிய காரியம் என்று நான் கருதுகிறேன். இதுவரை எவ்வளவு ஆயிற்று, இன்னும் எவ்வளவு வரை போகலாம், எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் எழுதினோம். பத்தாம் நாளில் தட்டணு உயராமலும், இளஞ்சிவப்பணு தோன்றாமலும் இருந்தால் இரண்டாம் முறை இரத்தம் ஏற்றுவதில்லை. வேதனையின்றி அனுப்பி வைக்கும்படி டாக்டரைக் கேட்பது என்று முடிவு செய்தோம். அந்த வரியை அக்காதான் எழுதினாள். எழுதிவிட்டுத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஈரமில்லா நெஞ்சம் என்று இதை யாரேனும் நினைக்கலாம். நெஞ்சம் கலங்கியிருக்கும் நேரத்தில் மருத்துவமனை வாசலில் நின்று இந்த முடிவை எடுப்பது எவ்வளவு கொடுமை என்பதை அவர்கள் அறியார்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் தருகிறேன். முதல் மருத்துவமனையில் 1,900 ரூபாய். எல்லா இரத்தப் பரிசோதனைகளும் சேர்த்து 3,600. இரத்தம் ஏற்றியது 4,500. உப்புநீர், ஊசி, படுக்கை 5,200. லூதியானாவுக்கு மூன்று முறை கார் 9,000. உண்ணி ஏறாமல் தடுக்கும் மாத்திரை 1,300. நோயைத் தீர்த்த டாக்ஸிசைக்ளின் மாத்திரை 56-க்கும் சேர்த்து 430. ஆக 25,930 ரூபாய். பார்த்தீர்களா? கிருமியைக் கொல்லும் மருந்துதான் எல்லாவற்றிலும் மலிவு. மருந்து வேலை செய்யும் வரை உயிரைப் பிடித்து வைப்பதற்கும் நூறு கிலோமீட்டர் கடப்பதற்குமே மற்றப் பணம் போயிற்று. மூக்கில் இரத்தம் வருமுன், பசி குறைந்த அன்றே இரத்தம் சோதிக்கும் வசதி பக்கத்தில் கிடைத்தால், ஒரு நாய்க்கு ஆகும் செலவு இதில் பத்தில் ஒரு பங்கில் நின்றுவிடலாம்.

அப்பா ஊரிலிருந்து தொலைபேசியில், “என்னப்பா, ஒரு நாய்க்கா இருபத்தையாயிரம்?” என்று கேட்டார். நான் அதை அக்காவுக்குச் சைகையில் சொன்னேன். அவள் அப்பாவுக்கு ஒரே வரி செய்தி அனுப்பினாள்: “காது மெஷினுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் அப்பா?” அப்பா சற்று நேரம் கழித்து ஐயாயிரம் அனுப்பி வைத்தார். தீபாவளிக்கு ஊர் போக எடுத்து வைத்திருந்த பணம் வந்து சேர்ந்தது. நான் இரண்டு குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மன்றத்து நண்பர்கள் கொடுத்த கடனில் இன்று ஒரு பைசா பாக்கி இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காது கேட்கும் கருவிக்கு அரசு உதவித் திட்டம் இருக்கிறது. காதாக இருக்கும் நாய்க்கு அப்படி ஒன்று இல்லை. நாய்களுக்குக் காப்பீடு இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் நோய் வந்த பிறகு அந்த நோய்க்குக் காப்பீடு தர மாட்டார்கள். டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. “இன்று கட்டாயம் வேண்டியது எது, நாளை பார்க்கலாம் என்று விடக்கூடியது எது?” என்று கேட்டபோது லூதியானா டாக்டர் முகம் சுளிக்கவில்லை, உடனே இரண்டு பரிசோதனைகளை அடித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் தட்டணு 24,000. மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாத எண். ஆனால் சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டை டாக்டர் என்னையே பார்க்கச் சொன்னார். நீல வலை படர்ந்த இளஞ்சிவப்பணுக்கள் வயல் முழுவதும் கிடந்தன. நான் தலையைத் தூக்கியபோது அக்கா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆலை ஓடுது அக்கா” என்றேன். பத்தாம் நாள் தட்டணு 61,000. இருபத்தெட்டாம் நாள் 1,90,000.

மருந்து கொடுப்பதிலும் நம் வழக்கத்துக்கு ஒரு தடை இருந்தது. மணிக்குத் தயிர்ச் சோறு உயிர். டாக்ஸிசைக்ளினுடன் பாலும் தயிரும் சேர்ந்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் குறைக்கும். ஆகவே கோழிக் குழம்புச் சோற்றில் மாத்திரை; தயிர் சில மணி நேரம் தள்ளி. மாத்திரை தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்காமலிருக்கப் பின்னாலேயே தண்ணீர். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி நாய் துள்ளினாலும் நான்கு வாரம் முழுவதும் கொடுத்தே தீர வேண்டும். வீட்டில் கிடக்கும் மனிதர் வலி மாத்திரைகளை, குறிப்பாக இபுபுரூபனை, நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண் உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னொன்று: நோய் தீர்ந்த பின்னும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பல மாதம் இருக்கும். அதை மட்டும் சோதித்து “இன்னும் நோய் இருக்கிறது” என்று யாராவது மறுபடி மருந்து எழுதினால், தட்டணு எவ்வளவு என்று கேளுங்கள். மணியைத் தொட்டால் நமக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சிய நண்பர்களுக்கும் சொல்கிறேன்: நாயைத் தொடுவதால் இது மனிதருக்கு வராது.

அந்த நான்கு வாரமும் அக்கா எப்படி இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பகலில் வங்கி, இரவில் என் துணை. நான் ஆய்வகத்தில் தங்கிய நாட்களில் அவள் குக்கரை எடுக்கவே இல்லை, வடிசோறுதான். அழைப்பு மணிக்கு விளக்கு மின்னும் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விளக்கைப் பார்க்க அதன் திசையில் முகம் இருக்க வேண்டும். மணி வந்து இடிக்க எந்தத் திசையும் வேண்டாம். அக்டோபரில் ஒரு மாலை, குக்கர் முதல் விசில் அடித்ததும் மணி எழுந்து வந்து இடித்தது. இரண்டாம் விசிலுக்கு வரவில்லை, பாதி வழியில் படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் இரண்டுக்கும் வந்தது. விளக்கையும் நாங்கள் கழற்றவில்லை. மணிக்கும் வயதாகும் அல்லவா?

இப்போது மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். இரத்தம் தரத் தகுந்த நாய்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் இருந்தால், அடுத்த வீட்டு நாய்க்கு ஒரு மோகா விவசாயி தற்செயலாக வந்து நிற்க வேண்டியிராது. நாய்க்கு வயது ஒன்றுக்கு மேல் எட்டுக்குள் இருக்க வேண்டும். எடை 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். தான் முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்ட நாயாக இருத்தலாகாது. இந்தக் கடைசி விதியால் மணி தகுதி பெறாது. உங்கள் வீட்டு உரிமையாளர்களிடமும், பதினைந்தாம் செக்டார் அண்டை அயலாரிடமும் கேளுங்கள். பஞ்சாபியர் வீடுகளில் பெரிய நாய்களுக்குக் குறைவில்லை. பெயர்களை மன்றச் செயலரிடம் கொடுத்தால், லூதியானாவிலும் இங்குள்ள அரசு மருத்துவமனையிலும் ஒரு படி கொடுத்து வைக்கிறேன்.